இலவசம் என்று யார் சொன்னது?

சேலத்து ஆத்தூர் அன்று; திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே, காமராசர் நீர்த்தேக்கத்துக்கு அணித்தே உள்ள ஆத்தூர். அவ்வட்டாரத்துப் பள்ளிவாசல் ஒன்றில் ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து கொண்டிருந்தனர். வெளிவாயிலில் இளைஞர் இருவர் ஒரு துண்டை விரித்துப் பிடித்து நின்றனர். தோல் ஷாப்பில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்த ஏழை ஒருவருக்கு இருதய அறுவைச் சிகிச்சை நடந்திருக்கிறது. அவர் குடும்பத்துக்கு உதவி வேண்டும் என்று முன்னரே அறிவிப்புச் செய்திருந்தார்கள். பத்தும் ஐம்பதுமாகத் துண்டில் தாள்கள் விழுந்தன.

அப்போது வசதி படைத்த பெரியவர் ஒருவர் நின்று கேட்டார்: "எதற்கப்பா இந்த வசூல்? அதுதான் அரசாங்கம் இலவசமாகவே காப்பீட்டு அட்டை கொடுத்திருக்கிறதே! வரி கட்டுகிறவர்கள் நாம், அனுபவிக்கிறவர்கள் அவர்கள்."

துண்டைப் பிடித்திருந்த இளைஞர் பணிவாகவே மறுமொழி சொன்னார்: "அட்டை இருக்கிறது மாமு. ஆபரேஷன் அதில்தான் ஆனது. இனி மூன்று மாதம் அவர் வேலைக்குப் போக முடியாதே. மாத்திரை வாங்கணும், வீட்டு வாடகை கொடுக்கணும். அதற்குத்தான்."

பெரியவர் ஐம்பது ரூபாய் போட்டுவிட்டுப் போனார். அவருடைய கொடையைக் குறைத்து மதிப்பிட நமக்கு எண்ணமில்லை. ஆனால் அவர் சொன்ன அந்த ஒரு சொல்லோடு நமக்கு வழக்கு உண்டு. 'இலவசம்' என்னும் சொல் அது. நம் வீடுகளிலும் கடைகளிலும் திருமண விருந்துகளிலும் அச்சொல் எவ்விதத் தயக்கமுமின்றிப் புழங்குகிறது. அதன் மெய்ம்மையை ஒருமுறையேனும் உரைத்துப் பார்க்க வேண்டாமா?

முதலில் அட்டையின் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். 2009ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தமிழகத்தில் தொடங்கப்பெற்றது. ஒரு குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளில் ஒரு லட்சம் ரூபாய் வரை சிகிச்சை. பொறுப்பு ஏற்றது ஸ்டார் ஹெல்த் என்னும் தனியார் நிறுவனம். ஆட்சி மாறியது, 2012 ஜனவரியில் அத்திட்டம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மறுபிறவி எடுத்தது. பொதுத்துறை நிறுவனமான யுனைடெட் இந்தியா பொறுப்பேற்றது. 2018 செப்டம்பரில் மத்திய அரசின் மக்கள் ஆரோக்கியத் திட்டத்தோடு அது இணைக்கப்பட்டு, ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை என்றாயிற்று. ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும் என்றிருந்த வரம்பு 2022 முதல் 1,20,000 ரூபாயாக உயர்ந்தது. ஏறத்தாழ 1 கோடியே 37 லட்சம் குடும்பங்கள் இத்திட்டத்தின்கீழ் வருகின்றன.

பணம் எப்படி நடக்கிறது? அட்டை வைத்திருப்பவர் பிரீமியம் கட்டுவதில்லை. அவர் சார்பில் அரசு கட்டுகிறது. 2022 ஜனவரி 11 முதல் ஐந்தாண்டுகளுக்கு என்று செய்துகொண்ட ஒப்பந்தத்தில், குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுக்கு 849 ரூபாய் என்று விலை பேசப்பட்டது. நாள் கணக்கில் பார்த்தால் ஒரு முழுக் குடும்பத்துக்கு இரண்டரை ரூபாயும் இல்லை. தேநீர்க் கடையில் அரைக் கோப்பைக்கும் காணாது. குடும்பங்கள் பல என்பதால் அத்தொகை ஆண்டுக்கு ஆயிரம் கோடியைத் தாண்டுகிறது. பட்டியலில் உள்ள மருத்துவமனை நோயாளியைச் சேர்த்துச் சிகிச்சை அளித்தபின், குறிப்பிட்ட கட்டணத்தைக் காப்பீட்டு நிறுவனத்திடம் கோரிப் பெறுகிறது. அரசு மருத்துவமனையும் அவ்வாறே கோருகிறது.

அரசு கட்டுகிறது என்றோம். அரசுக்கு அந்தப் பணம் எங்கிருந்து வந்தது? கருவூலத்தில் காசு காய்க்கும் மரம் எதுவும் இல்லை.

வருமான வரி கட்டுவோர் மட்டுமே வரி கட்டுவோர் என்பது நம்மிடையே வேரூன்றிவிட்ட பெரும் பிழை. அந்தத் தோல் தொழிலாளி குளிக்கும் சோப்புக்கு வரி உண்டு. 2025 செப்டம்பர் 21 வரை அது 18 விழுக்காடு. இன்று 5 விழுக்காடு. அவர் கைப்பேசிக்குப் போடும் பணத்தில் 18 விழுக்காடு. இருதய நோய்க்கு அவர் விழுங்கும் மாத்திரைகளில் பலவற்றுக்கும் 5 விழுக்காடு. அவர் ஏறும் பேருந்தின் டீசலிலும் வரி எரிகிறது. கோடீசுவரரும் கூலிக்காரரும் ஒரே சோப்புக்கு ஒரே வரியைத்தான் கட்டுகிறார்கள். ஆனால் வரும்படியில் பெரும்பகுதியைக் கடையில் கொடுத்துவிட வேண்டிய நிலையில் இருப்பவர் கூலிக்காரர். ஆகவே அவர் வருமானத்தில் வரி தின்னும் பங்கு பெரிது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சொல்ல நா கூசினாலும் சொல்ல வேண்டும். 2023–24ஆம் ஆண்டில் மதுவின் வாயிலாகத் தமிழக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாயைக் கடந்தது. 2025–26ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒதுக்கப்பட்டது ஏறத்தாழ 21,900 கோடி. கூலிக்காரர்களின் மாலைக் கூலியில் இருந்து எடுப்பதில் பாதி கூட மருத்துவத்துக்குத் திரும்பவில்லை. நாம் தொடாத பானம் என்று நாம் விலகி நிற்கலாம். அந்தப் பானத்தால் அழியும் குடும்பங்களின் பணமும் நம் மாநிலத்து மருத்துவமனைச் சுவர்களில் கலந்திருக்கிறது என்பதை மறுக்க முடியாது.

இப்போது சொல்லுங்கள்: இலவசமாகப் பெறுபவர் யார்?

உண்மையில், இலவசம் பெறுவோர் வேறொரு பக்கத்தில் இருக்கிறார்கள். வசதியுள்ளவர் தம் குடும்பத்துக்குத் தாமே காப்பீடு எடுக்கிறார். பழைய முறையில் வருமான வரி செலுத்துவாராயின், அந்தப் பிரீமியத்தில் 25,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களான பெற்றோர்க்கு மேலும் 50,000 ரூபாய் வரை, வரிக் கணக்கில் கழித்துக் கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. 2025 செப்டம்பர் முதல் தனிநபர் காப்பீட்டுப் பிரீமியத்துக்குச் சரக்கு மற்றும் சேவை வரியும் இல்லை. அரசு வாங்காமல் விட்ட வரியும் அரசு கொடுத்த பணமே. இதை யாரேனும் இலவசம் என்று இகழ்ந்ததுண்டா? ஏழைக்கு 849 ரூபாய் கட்டினால் அது இலவசம். நமக்கு விட்டுக்கொடுத்தால் அது சலுகை! சொற்களிலும் நாம் சாதி வகுத்து வைத்திருக்கிறோம்.

இனி மாநிலத்துக்கும் மத்திக்கும் உள்ள கணக்கைப் பார்ப்போம். இத்திட்டத்தில் மத்திய அரசு 60, மாநில அரசு 40 என்று ஏட்டில் பங்கு பிரித்திருக்கிறார்கள். ஆனால் 2011ஆம் ஆண்டுச் சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பில் இடம்பெற்ற குடும்பங்களுக்கு மட்டுமே மத்திய அரசு தன் பங்கைத் தருகிறது. தமிழகத்தில் அவை ஏறத்தாழ 77 லட்சம். எஞ்சிய 60 லட்சம் குடும்பங்களுக்கு மாநிலமே முழுச் செலவையும் ஏற்கிறது. எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே பிரீமியம் எனக் கொண்டு கணக்கிட்டால், மொத்தத்தில் மத்திய அரசின் பங்கு மூன்றில் ஒன்றுதான் வருகிறது. அறுபது என்பது பெயரளவில் நிற்கிறது.

அதே மத்திய அரசு, 2018–19 முதல் வருமான வரியின்மேல் 4 விழுக்காட்டைச் 'சுகாதார, கல்வி மேல்வரி' என்று பெயரிட்டே வசூலிக்கிறது. மேல்வரிகளும் கூடுதல் வரிகளும் மாநிலங்களோடு பகிர்ந்துகொள்ள வேண்டிய தொகுப்பில் சேரா. அரசமைப்புச் சட்டத்தின் 270ஆவது பிரிவு அவ்வாறு வைத்திருக்கிறது. சுகாதாரத்தின் பெயரால் வரி வாங்குவது டில்லி; மருத்துவமனை நடத்துவது மாநிலம். இதனைக் கட்சி அரசியல் என்று ஒதுக்கிவிட வேண்டா. திண்டுக்கல் மருத்துவமனையில் ஒரு செவிலியர் இடம் காலியாகக் கிடக்குமாயின், அதன் வேர் இந்தக் கணக்கிலும் இருக்கக்கூடும்.

இவ்வளவும் கூறியபின் ஒரு கேள்வி எழும்: பணம் ஏழையினுடையது; சரி. அது நல்வழியில்தானே செலவாகிறது?

ஒரு பாதி ஆம் என்போம். இருதயத்தைத் திறந்து செய்யும் சிகிச்சையைத் தனியார் மருத்துவமனையில் சொந்தப் பணம் கொடுத்துச் செய்துகொள்ள ஓர் ஏழைக் குடும்பத்தால் ஒருபோதும் இயலாது. வீட்டை விற்க வேண்டும். அல்லது ஆளை இழக்க வேண்டும். அந்த இரண்டுக்கும் நடுவே இந்த அட்டை நின்று எத்தனையோ உயிர்களைக் காத்திருக்கிறது. அதை மறுப்பவர் நன்றி கொன்றவர்.

மறு பாதியில்தான் நம் குறை. பெரும்பாலும், நோய் முற்றிக் கட்டிலில் விழுந்த பின்னரே இந்த அட்டை பேசத் தொடங்குகிறது. இரத்த அழுத்தத்துக்கும் நீரிழிவுக்கும் நாள்தோறும் வாங்கும் மாத்திரைக்கு அது வாய் திறவாது. மருத்துவமனைக்குப் போய்வரும் செலவை அறியாது. இழந்த கூலியை அது தராது. இந்தியாவில் மருத்துவத்துக்காகச் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் மக்கள் தம் கையிலிருந்து கொடுப்பது 2021–22ஆம் ஆண்டுக் கணக்கின்படி 39 ரூபாய்க்கு மேல். 2013–14ஆம் ஆண்டில் 64 ரூபாயாக இருந்தது குறைந்திருக்கிறது என்பது மெய். எஞ்சிய முப்பத்தொன்பதும் பலருக்குக் கடன் வாங்கிய பணம் என்பதும் மெய்.

இதே ஆத்தூர் மண்ணுக்கு வேறொரு வழி தெரிந்திருந்தது. 1947ஆம் ஆண்டில் மருத்துவர் சௌந்திரம் அம்மையார் சின்னாளபட்டிக்கு அருகே காந்திகிராமத்தை நிறுவினார். சிறு மருத்துவ நிலையமாகத் தொடங்கிய அவருடைய பணி கஸ்தூரிபா மருத்துவமனையாக வளர்ந்தது. 1952இல் ஆத்தூர்த் தொகுதியே அவரைச் சட்டமன்றத்துக்கு அனுப்பியது. 1959இல் இந்த ஆத்தூர் ஒன்றியத்தில்தான் முன்மாதிரிச் சுகாதாரத் திட்டம் நடத்தப்பெற்றது. அதன் தொடர்ச்சியாக 1964இல் கிராமியச் சுகாதாரத்துக்கென ஒரு நிறுவனமே எழுந்தது. அந்தத் திட்டத்தின் பணி மருத்துவமனைக் கட்டிலில் தொடங்கவில்லை. ஊர் ஊராகவும் வீடு வீடாகவும் சென்று தாயையும் சேயையும் நோய் தீண்டுமுன் காப்பதே அதன் நெறி. அங்கே பணம் நிலையத்துக்கும் ஊழியருக்கும் தரப்பட்டது. நோயாளி விழும்வரை காத்திருந்து ஆளுக்கு இவ்வளவு என்று அளக்கப்படவில்லை.

இந்த நெறி நமக்கும் புதிதன்று. 1284ஆம் ஆண்டில் கெய்ரோ நகரில் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையை நினைவுகூர்வோம். அதற்கென வக்ஃபு செய்யப்பட்ட சொத்துகளின் வருவாயில் அது நடந்தது. செல்வர், வறியவர் எனும் பேதமின்றி அனைவர்க்கும் அங்கே இடம் இருந்தது. குணமடைந்து வெளியேறும் ஏழை உடனே வேலைக்கு ஓடாதிருக்கும் பொருட்டுக் கைச்செலவுக்குப் பணமும் தரப்பட்டது என்பர். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் அந்த மருத்துவமனை செய்ததை இன்று நம் பள்ளிவாசல் வாயிலில் ஒரு துண்டு செய்து கொண்டிருக்கிறது!

2017ஆம் ஆண்டின் தேசிய நலவாழ்வுக் கொள்கையும் இதையே எழுதி வைத்திருக்கிறது: அரசின் மருத்துவச் செலவில் மூன்றில் இரண்டு பங்கு ஆரம்ப சுகாதாரத்துக்கே செல்ல வேண்டும், 2025க்குள் நாட்டு உற்பத்தி மதிப்பில் அரசின் மருத்துவச் செலவு 2.5 விழுக்காட்டை எட்ட வேண்டும். 2021–22இல் அது 1.84 விழுக்காடு. தமிழகத்தில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' வீட்டு வாயிலுக்கு மாத்திரை கொண்டுவரும் நல்முயற்சி. அத்தகைய பணிக்கே பணம் பெருக வேண்டும் என்பது நம் வாதம். 2022 ஜனவரியில் திண்டுக்கல்லுக்கு வந்த அரசு மருத்துவக் கல்லூரி, மதுரைக்கு ஓட வேண்டிய தேவையை ஆத்தூர்க்காரருக்குக் குறைக்க வேண்டும். அதற்கு மருத்துவரும் கருவியும் வேண்டும். அவற்றுக்கு ஆண்டுதோறும் நிலையான பணம் வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போன காப்பீட்டுத் தொகை ஒரு நோயாளியைக் குணமாக்கலாம். அரசு மருத்துவமனையில் ஒரு கட்டிலைக் கூட்டாது.

அரசைக் குறை கூறுவது எளிது. நம் முகத்தை நாமே பார்த்துக்கொள்ளும் வேளை வந்துவிட்டது.

அந்தத் தொழிலாளி இருபது ஆண்டுகள் உழைத்தார் என்றோமே, அவர் ஏன் துண்டை நம்பி நிற்கிறார்? தொழிலாளர் அரசு ஈட்டுறுதிச் சட்டம் 1948இல் வந்துவிட்டது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களில், மாதம் 21,000 ரூபாய் வரை கூலி பெறுவோர்க்கு அது உரியது. 2019 ஜூலை முதல் முதலாளி செலுத்த வேண்டியது கூலியில் 3.25 விழுக்காடு, தொழிலாளி செலுத்துவது 0.75 விழுக்காடு. பன்னிரண்டாயிரம் கூலிக்கு முதலாளியின் பங்கு 390 ரூபாய். தொழிலாளியின் பங்கு 90 ரூபாய். இதற்கு ஈடாகக் குடும்பம் முழுமைக்கும் மருத்துவம், அன்றாட மாத்திரை உட்பட; நோயில் கிடக்கும் நாட்களுக்கு ஆண்டில் 91 நாள் வரை கூலியில் 70 விழுக்காடு. துண்டு விரிக்க வேண்டிய தேவையே இராது.

ஆனால் பெயரைப் பதிவேட்டில் ஏற்றாமல், கூலியைக் கையில் கொடுத்து அனுப்பும் முதலாளிகள் இருக்கிறார்கள். எல்லாச் சமுதாயத்திலும் இருக்கிறார்கள், நம்மிலும் இருக்கிறார்கள். ரமளானில் அதே தொழிலாளிக்கு ஸகாத் கொடுப்பார்கள், ஸதகாவும் கொடுப்பார்கள். மாதம் 390 ரூபாயை மட்டும் கட்டமாட்டார்கள். தாம் சுமக்க வேண்டிய பாரத்தை ஊர்ப் பணத்தின்மேல் ஏற்றிவிட்டு, அரசாங்கம் ஏழைகளைக் கெடுக்கிறது என்று பேசுவார்கள். ஸகாத் ஏழையின் உரிமை, கொடுப்பவரின் கருணை அன்று என்று ஆண்டுதோறும் பயான்களில் கேட்கிறோம். கூலிக்காரரின் சட்டப்படியான உரிமை மட்டும் நமக்கு எப்படி இரக்கமாக மாறிப்போனது?

வேறு சிலர், வசதியிருந்தும் பொய் வருமானச் சான்று வாங்கி அட்டை பெறுகிறார்கள். அவர்கள் பொய் சொல்வது வட்டாட்சியர் அலுவலகத்தில்; வஞ்சிப்பதோ அண்டை வீட்டு ஏழையை.

நம் உறக்கத்துக்கு இன்னொரு சான்று உண்டு. நெல்லைச் சீமையில், மேலப்பாளையம் போன்ற ஊர்களில், நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாகப் பீடி சுற்றி வருகிறார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, பீடியின்மேல் ஒரு தனி வரி வசூலித்து, அப்பெண்களின் மருத்துவத்துக்கும் பிள்ளைகளின் கல்வி உதவிக்கும் நிதி அமைத்தார்கள். அந்த உழைப்பிலிருந்து பிறந்து அந்த உழைப்பாளிக்கே திரும்பிய பணம் அது. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோது அந்தத் தனி வரி ஒழிக்கப்பட்டது. பீடிக்கு வரி நின்றதா? இல்லை, பொது வரியாக வாங்கப்படுகிறது. உழைப்பாளிக்கென்று ஒதுக்கிய வாய்க்கால் மட்டும் அடைபட்டது. இனி பொது நிதியில் கேட்டுப் பெற வேண்டியதுதான். நம் மேடைகளில் எத்தனை பேர் அதைப் பற்றிப் பேசினோம்?

காப்பீடு மார்க்கத்துக்கு உகந்ததா என்று ஐயுற்று அட்டையே பெறாத குடும்பங்களும் உண்டு. தீர்ப்புக் கூறுவது உலமாக்களின் பணி. அதில் நாம் தலையிடோம். ஒன்றை மட்டும் அவர்களிடம் எடுத்துச் சொல்லிக் கேளுங்கள்: இந்த அட்டைக்காகக் குடும்பம் பிரீமியம் கட்டுவதில்லை, பொதுப் பணத்திலிருந்து அரசு கட்டுகிறது. செய்தி முழுமையாகத் தெரிந்தால் தீர்ப்பும் தெளிவாகக் கிடைக்கும்.

ஆகவே நாம் வேண்டுவன இவை. ஒவ்வொரு மஹல்லா ஜமாஅத்தும் தன் எல்லையில் அட்டை இல்லாத ஏழைக் குடும்பங்களைக் கணக்கெடுக்கட்டும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் கொண்டு பதிவு செய்ய, எழுத்தறிந்த இளைஞர் ஒருவரைத் துணைக்கு அனுப்பட்டும். அட்டை இருந்தும் பணம் கேட்கும் மருத்துவமனைமேல் 1800 425 3993 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் முறையிடக் கற்றுக் கொடுக்கட்டும். நம்மிடையே உள்ள முதலாளிகள் தம் பதிவேட்டை இன்றே திறந்து பார்க்கட்டும். சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் வாக்குக் கேட்டு வருவோரிடம், சுகாதார மேல்வரியில் எங்கள் மாவட்டத்துக்கு என்ன வந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு என்ன தரப்போகிறீர் என்று வாய்விட்டுக் கேட்போம்.

துண்டு விரிப்பதை நிறுத்தச் சொல்லவில்லை. அது நம் ஈரத்தின் அடையாளம். ஆயின், அந்தத் துண்டில் பணம் போடும்போது, இது யாரோ கட்டத் தவறிய கடன் என்ற நினைவு நமக்கு வரட்டும். அந்த யாரோ நாமாகவே இருக்கக்கூடும் என்ற அச்சமும் வரட்டும். அட்டையை நீட்டும் ஏழை தலைகுனிந்து நீட்ட வேண்டியதில்லை. அவர் தம் பணத்தைத்தான் கேட்கிறார்.